மாரியில் வரும் நத்தார்

மன்னார்க் கரையில் மூத்தவர்கள் கிறிஸ்மஸை இன்னும் நத்தார் என்றுதான் சொல்கிறார்கள். பிறப்பு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் 450 ஆண்டுகளுக்கு மேலாக நாவில் உருண்டு இப்படியாகிவிட்டது. நத்தார்த் தட்டில் வைக்கும் கொக்கிஸ், ஒல்லாந்தர் தங்கள் சிறு பலகாரங்களுக்கு வழங்கிய பெயர். பக்கத்தில் இருக்கும் கேக் ஆங்கிலேயருடையது. பயற்றம் பணியாரம் மட்டும் யாரிடமும் இரவல் வாங்காதது. ஒரு தட்டை வைத்துக்கொண்டே இந்தத் தீவை ஆண்டவர்களின் வரிசையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தட்டை எப்படி நிரப்புவது என்பதுதான் கார்த்திகை பிறந்ததும் வீடுகளில் எழும் கேள்வி. கையில் காசில்லை, பண்டிகை வருகிறது. இதற்குக் கிடைக்கும் புத்தி எப்போதும் ஒன்றே: குறைத்துக்கொள், வேண்டாததை விடு. நல்ல புத்திதான், ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. நத்தார் இயல்பிலேயே செலவான பண்டிகை, வசதியில்லாதவன் அதைச் சுருக்கிக் கொண்டாட வேண்டியவன் என்ற அனுமானம். மன்னாரின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்பது என் வாதம். இங்கே நத்தார் சிக்கனமாகவே உருவானது. செலவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் எந்த வழியாக வந்தது என்று காட்டக்கூடிய விதத்தில்.

முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். மன்னாரில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நானாட்டான், முருங்கன் பக்கம் விதைக்கும் காலபோக நெல், நத்தார் அன்று பச்சையாக வயலில் நிற்கும். அறுவடை தையிலும் மாசியிலும். அதாவது டிசம்பர் என்பது போன போகத்து நெல் மூடையின் அடி தெரியும் மாதம், விதைப்புக்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடாத மாதம். கடல் பக்கமும் அப்படித்தான். வாடைக்காற்று எழுந்தால் தீவின் வடகரை கொந்தளிக்கும். தென்கரை ஒதுக்கமாக இருப்பதால் தொழில் அங்கே நகரும், கரைவலையும் விழும். கடல் முற்றாகப் பூட்டப்படுகிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் மீன் பட்டாலும் காய வைக்க வெயில் வேண்டுமே. வெயிலில்லாத நாளில் உப்புத் தடவி விரித்த மீன் கசியும், புழு வைக்கும், ஒரு தூறலுக்கு இரண்டு தடவை பாயைச் சுருட்டி விரிக்க வேண்டும். பனிக்கட்டி வராத காலத்தில் மன்னார் மீனின் பெரும்பங்கு கருவாடாகத்தான் காசானது என்பதை நினைத்தால், மாரியில் ஒரு மீனவ வீட்டின் வரவு என்னவாக இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். உப்பளத்தில் உப்பு விளைவதும் கோடையில்தான். பனையில் பதநீர் இறங்குவது தை, மாசிக்குப் பிறகு. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் திடீரென்று ஒரு நகரமே முளைத்ததும் பெப்ரவரிக்குப் பின்னர், கடல் தெளிந்த மாதங்களில். மன்னாருக்குப் பணம் வரும் வழிகள் எல்லாம் நத்தார் கடந்த பிறகே திறந்தன.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. வடபுலத்தில் டிசம்பருக்குள் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும். குளிருக்கு முன் கொழுத்த பன்றியையும் மாட்டையும் அடித்து இறைச்சியைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள், காய்ச்சிய பியரும் தயாராகியிருக்கும். ஆண்டிலேயே வீட்டில் உணவு மிகுதியாக இருக்கும் வாரத்தில் வருவதால் அவர்களுடைய கிறிஸ்மஸ் விருந்துப் பண்டிகையானது. அதே திகதி கப்பலேறி மன்னாருக்கு வந்தபோது ஆண்டிலேயே வீடு வெறுமையாக இருக்கும் வாரத்தில் வந்து விழுந்தது. திகதியை மாற்ற முடியாது. பண்டிகையின் உருவத்தை மாற்றலாம். மன்னார் மக்கள் அதைத்தான் செய்தார்கள்.

எப்படி என்று கேட்டால், செலவைக் கோடைக்குத் தள்ளினார்கள். இந்தக் கரையின் பெரிய திருவிழாக்களின் திகதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். மடுவின் ஆடித் திருவிழா யூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. வங்காலையின் பாதுகாவலி புனித அன்னம்மாளின் நாள் யூலை 26. தலைமன்னாரின் புனித லோறன்சியாருக்கு ஓகஸ்ட் 10. எல்லாம் பாதை காய்ந்து, மாட்டுவண்டி காட்டு வழியே போகக்கூடிய காலம். சிறுபோகத்துக்கும் சோளகத்துக்கும் நடுவே கையில் நாலு காசு புரளும் காலம். கூத்துக்கு உடுப்புத் தைப்பதும், மேளத்துக்கும் பந்தலுக்கும் கொடுப்பதும், தூரத்து உறவினரை அழைத்து மூன்று நாள் சோறு போடுவதும் இந்தத் திருவிழாக்களுக்குத்தான். கலையில் இவ்வூர்கள் காட்டிய உழைப்பின் பெரும்பங்கு தவக்காலத்துக்குப் போயிற்று. பேசாலையில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் உடக்குப்பாஸ் அதற்குச் சாட்சி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருவிழாச் செலவு ஊர்ச் செலவு. பிடியில் ஒரு பங்கைக் கோயிலுக்கு விடுவது கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நெடுநாள் வழக்கம். தனி வீட்டின் பெட்டியை அது நேராகத் திறக்கச் சொல்வதில்லை. பள்ளிமுனையின் புனித லூசியாவுக்கு நாள் டிசம்பர் 13 ஆயிற்றே, அது மாரியில்தானே வருகிறது என்று மன்னார்க்காரர் ஒருவர் என்னை மடக்கலாம். உண்மை. புனிதர்களின் நாட்களை உரோமாபுரிதான் குறித்தது, மழையைக் கேட்டுக் குறிக்கவில்லை. விதிவிலக்கு இருக்கிறது; பெரும்போக்கு இன்னும் தெளிவாகவே தெரிகிறது.

நத்தார் சிறிதாகவே நின்றதற்கு வானிலை மட்டும் காரணமில்லை. இங்கே கிறிஸ்தவம் தொடங்கியதே இரத்தத்தில். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படை, மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை வெட்டியது. தோட்டவெளி இன்றும் அந்த வேதசாட்சிகளை நினைவுகூர்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், நத்தார் என்ற சொல் வேரூன்றியது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாடு குற்றமாயிற்று. அதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் நத்தார் என்பது சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்த ஒன்று. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தர் சுற்றி வளைத்து, சுமார் 300 பேரைப் பிடித்துச் சென்றார்கள். அந்த இரவில் அவர்கள் தேடியது யோசேவாஸ் அடிகளை. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது இவரைத்தான்; அன்றே மடுவுக்கும் வந்துபோனார். குரு வராத மாதங்களில் மூப்பரும் அண்ணாவியாரும் செபத்தை நடத்தினார்கள். அப்படிப்பட்ட நத்தாருக்கு வெடியும் இல்லை, சோடனையும் இல்லை. ஒரு விளக்கு, மனப்பாடமான செபங்கள், ஒரு பாட்டு, அதுவும் தாழ்ந்த குரலில். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: தடை எல்லாத் திருநாட்களுக்கும்தானே, அது நத்தாரை மட்டும் எப்படிச் சிறிதாக்கும்? நியாயமான கேள்வி. விடை 1806க்குப் பிந்திய வரலாற்றில் இருக்கிறது. அந்த ஆண்டு ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. கட்டு அவிழ்ந்ததும் எது வளர்ந்தது? மடு வளர்ந்தது. மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்ட அன்னையின் சொரூபத்துக்கென 1872இல் பொஞ்சீன் ஆயர் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார், 1924இல் யூலைத் திருவிழாவில் முடிசூட்டு நடந்தது. வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தபின் மக்கள் தங்கள் காசையும் காலையும் எங்கே செலவிட்டார்கள் என்றால், கோடையில், பொதுவில். நத்தார் நடுச்சாமப் பூசையோடும் வீட்டுப் பலகாரத்தோடும் நின்றது. பூசைக்கு முன்னான நாலு வாரத் திருவருகைக் காலமும் ஒறுத்தலின் காலம். பெட்டி மெலிந்திருக்கும் மாதத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

பலகாரத்துக்கு வருவோம், ஏனென்றால் என் வாதத்தின் மெய்ப்பொருள் சட்டியில்தான் இருக்கிறது. பயற்றம் பணியாரத்துக்குப் பயறை வறுத்துத் தோல் நீக்கி மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூவும் மிளகும் சீரகமும் ஏலமும் கூட்டி, பாகில் பிசைந்து சூட்டோடு உருட்ட வேண்டும். ஆறவிட்டால் உதிரும், அதனால் நாலைந்து கை ஒரே நேரத்தில் வேண்டும். உருட்டியதை அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட்டால் மேலே ஒரு வெள்ளைத் தோல் பிடிக்கும். அந்தத் தோல்தான் அதை வாரக்கணக்கில் கெடாமல் வைக்கிறது. பாகுக்குச் சீனி இல்லையென்றால் ஓலைக்குட்டானில் கட்டி வைத்த பனங்கட்டி இருக்கும். எண்ணெயும் மிளகும் சீரகமும் ஏலமும் தவிர மற்றெதற்கும் கடைக்குப் போகத் தேவையில்லை. கொக்கிஸின் கதை இன்னும் சுவாரசியமானது. பெயர் ஒல்லாந்து, ஆனால் உள்ளிருப்பது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் உதறிவிட வேண்டும். ஓர் அச்சு இருந்தால் ஒழுங்கை முழுவதற்கும் போதும், இரவல் போய் இரவல் வரும். வந்த பண்டத்தை ஊர்ப் பண்டத்தால் செய்யத் தெரிந்துகொண்டதால் அது ஊர்ச்சொத்தாயிற்று. கேக் அப்படி ஆகவில்லை. ரவை, கோதுமை மா, பட்டர், பிளம்ஸ், செரி, பேரீச்சம்பழம் என்று அதன் உடல் முழுவதும் கப்பலில் வருவது. முட்டையும் கஜுவும் பூசணித் தோசியும் மட்டும் நம்முடையவை. கேக்கின் சுவையைப் பழிக்கவில்லை. நன்றாகச் செய்த ரிச் கேக்கை யாரும் வேண்டாமென்று சொல்வதைக் கேட்டதில்லை. ஆனால் அதன் விலையை டொலர் தீர்மானிக்கிறது, பணியாரத்தின் விலையை மழை தீர்மானிக்கிறது. இரண்டும் வெவ்வேறு எசமானர்கள்.

கப்பல் மன்னாருக்குள் ஆழமாக நுழைந்தது 1914இல், தலைமன்னாருக்கு ரயில் வந்து, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபோது. கொழும்பின் கடைச் சரக்கும் இந்தியச் சேலையும் கைக்கெட்டிய தூரத்துக்கு வந்தன. நத்தாருக்குப் புது உடுப்பு என்பது வழக்கிலிருந்து கட்டாயத்துக்கு நகர்ந்ததில் புடவைக்கடைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்டு, சீனியும் மாவும் கூப்பனுக்கு வந்த ஆண்டுகளில் இந்த அடுக்கு சிறிது காலம் உரிந்து விழுந்தது. எண்பதுகளுக்குப் பிறகு வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களின் காசு அதை மீண்டும் பூசியது. 2009க்குப் பின் பாதைகள் திறந்ததும், கூடவே தவணைக்கு விற்பவர்களும் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன்காரரும் வந்தார்கள். வடக்கில் நுண்கடன் பெண்களை எவ்வளவு நெருக்கியது என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் துடைக்க 2018இல் அரசே இறங்க வேண்டியிருந்ததே போதிய அத்தாட்சி. பிறகு 2022. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போயிற்று, செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. மீனவனுக்கு அதைவிட வலித்தது ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது, ஏனென்றால் சின்னப் படகின் எஞ்சின் குடிப்பது மண்ணெண்ணெய். செலவின் பக்கத்தையும் வரவின் பக்கத்தையும் ஒரே டொலர் பிடித்துக்கொண்ட நத்தார் அது. தட்டில் எது எந்த அடுக்கு என்று அந்த டிசம்பர் தன்பாட்டில் பிரித்துக் காட்டியது: கேக்கின் பண்டங்கள் எட்டாத உயரத்துக்குப் போயின, பயறும் பனங்கட்டியும் விலை கூடினாலும் கைக்கெட்டிய தூரத்தில் நின்றன.

இங்கே கடினமான மறுப்பு ஒன்று வருகிறது. பழைய நத்தார் சிக்கனமானது என்கிறீர்களே, அப்போது கடன் இல்லையா? சம்மாட்டியிடம் முற்பணம் வாங்காத வலைத் தொழிலாளி இருந்தானா? இருந்ததில்லை. முற்பணம் வாங்கியவன் தன் பிடியைச் சம்மாட்டி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். மாரியில் வாங்கியது கோடை முழுவதும் மீனிலிருந்து கழியும். பண்டிகைச் செலவு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறல்ல. ஆனால் சம்மாட்டி முற்பணத்தின் அளவைக் கடலே கட்டுப்படுத்தியது. பிடிபடக்கூடிய மீனுக்கு மேல் கடன் கொடுக்க அவருக்கே பயம். இன்றைய தவணைக் கடனுக்கு அந்த எல்லை இல்லை. அது கடலைப் பார்ப்பதில்லை, கிழமைதோறும் ஒரே தொகையைக் கேட்கிறது. வாடை அடிக்கும் கிழமைக்கும் சேர்த்துத்தான். பழைய கடன் நல்லது என்பதல்ல என் கருத்து. வரவின் பருவத்தோடு சேர்ந்து நடந்த கடன் ஒன்று, பருவமே தெரியாத கடன் இன்னொன்று. இரண்டாவதால்தான் ஒரு நாள் பண்டிகை ஓராண்டுச் சுமையாகிறது.

இன்னொரு மறுப்பு உணர்ச்சி சார்ந்தது, அதனால் அதைக் கவனமாகத் தொட வேண்டும். இல்லாமையைப் புகழ்வது எளிது, இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் அறைந்தது, நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கையில். 1990க்குப் பிறகு மடுவும் பேசாலையும் அகதி முகாம்களாயின. 1999 நவம்பர் 20இல் மடுக் கோயில் வளாகத்தில் விழுந்த எறிகணைகளில் சுமார் 40 பேர் இறந்து ஐந்து வாரத்தில் நத்தார் வந்தது. அந்த நத்தார்களை யாரும் சிக்கனத்துக்கு முன்மாதிரியாகக் காட்டக் கூடாது. மாரி மெலிவு ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் தீரும். ஊர் அதற்கேற்பத் தன்னை வகுத்துக்கொண்டது. போரின் இல்லாமை திணிக்கப்பட்டது, வகுத்துக்கொள்ள இடம் தராதது. போர் சிக்கனத்தின் ஒரு தூணையும் உடைத்தது. நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன பலகாரத் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. பொங்கலுக்குச் சைவ வீட்டிலிருந்தும் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்தும் நிறைந்து வரும். ஒரு வீடு மூன்று பண்டிகையை ஒரு பண்டிகைச் செலவில் சுவைத்த ஏற்பாடு அது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. தட்டு போக வீடில்லை.

அப்படியானால் இன்று கையில் குறைந்த காசோடு நத்தாரைத் திட்டமிடுகிறவருக்கு வரலாறு எதைக் கொடுக்கிறது? மாதத்தைக் கொடுக்கிறது. அரச ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் உண்டு, நெடுங்காலம் அது 10,000 ரூபாவாக இருந்தது. மாதச் சம்பளத்தில் அது கழியும். கடலையும் வயலையும் நம்பியவருக்கு அந்த வசதியைப் பெண்களின் சீட்டுத்தான் செய்து தருகிறது. மாசியில் அறுவடைக் காசு புரளும்போது தொடங்கும் சீட்டைக் கார்த்திகையில் எடுத்தால், கோடையின் பணம் வட்டியில்லாமல் மாரிக்கு நடந்து வந்துவிடும். தீபாவளிக்கோ பள்ளித் தவணைக்கோ எடுப்பவர் வேறு மாதம் கேட்பார், அது அவர்களுக்குள் தீரும் பேச்சு. டிசம்பரில் என்ன செய்யலாம் என்று டிசம்பரில் கேட்பது பிந்திய கேள்வி. பிள்ளைகள் கேட்பார்களே, ஒளிவிழாவில் மற்றப் பிள்ளைகள் புதிது போட்டு வருவார்களே என்றால், அதற்குப் பழைய திருச்சபை நாட்காட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது. நத்தார் ஒரு நாளோடு முடிவதில்லை. ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள் வரை போகும். மன்னார் அதை நன்றாக அறியும்: 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாடகங்களில் ஒன்று மூவிராசாக்கள் நாடகம். ஸ்பெயினில் இன்றும் பிள்ளைகளுக்குப் பரிசு வருவது அந்த இராசாக்களின் நாளில்தான். 25க்குப் பலகாரமும் பூசையும், 6க்கு உடுப்பும் பரிசும் என்று பிரித்துக்கொண்டால், நத்தாருக்கு முந்திய விலையேற்றம் புடவைக்கடைகளில் தணிந்திருக்கும். தென்கரையில் மழையும் குறைந்து கருவாட்டுப் பாய் விரிக்க வெயில் எட்டிப் பார்க்கும். நானாட்டான் பக்கம் முந்தி விதைத்தவர் வரம்பில் நின்று கதிரைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்.